அப்பாவின் பத்திரம் பட்டா இல்லை, செல்லாக்காசும் இல்லை

பர்மாவில், யாங்கோனுக்குப் பக்கத்தில் இருக்கும் சிரியத்திலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். ஊர் தெரிந்தாலும் பரவாயில்லை, சரக்கின் பெயர் வெளியே வரவேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் டிரேட்மார்க்கை மட்டும் ‘ஊஞ்சல்’ என்று மாற்றியிருக்கிறேன். கடிதம் நான்கு பக்கம், சாரம் இதுதான்:

“வக்கீல் ஐயாவுக்கு வணக்கம். அப்பா 1991-ல் வீட்டுப் பின்கட்டில் உரலில் இடித்து ஆரம்பித்த மசாலாத்தூள் எங்களுடையது. பாக்கெட்டில் ஊஞ்சலாடும் பெண்பிள்ளை படம், கீழே தமிழிலும் பர்மியத்திலும் பெயர். 2006-ல் அப்பா பத்திர ஆபீஸில் அதைப் பதிந்து பேப்பரிலும் விளம்பரம் கொடுத்தார், 2009-ல் இன்னொரு முறை கொடுத்தார். 2019-ல் தவறிவிட்டார். இப்போது நானும் இரண்டு தம்பிகளும் நடத்துகிறோம், ஊறுகாயும் போடுகிறோம். 2011 முதல் மாண்டலேயில் எங்கள் சரக்கை எடுத்து விற்ற டீலர் ஒருவர் கணக்குத் தகராறில் பிரிந்து போனார். போன வாரம் அவருடைய வக்கீலிடமிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. புதுச் சட்டத்தில் ஊஞ்சல் மார்க்குக்கு அவர் மனுப் போட்டிருக்கிறாராம், 14 நாளில் நாங்கள் நிறுத்த வேண்டுமாம், இல்லாவிட்டால் மூன்று வருஷம் ஜெயிலாம். அப்பாவின் பதிவு செல்லாதா? யூடியூபில் ஒரு வக்கீல் ‘முதலில் பயன்படுத்தியவருக்கே உரிமை’ என்கிறார். எல்லைக்கு அந்தப் பக்கம் மணிப்பூர் மோரேயில் இருக்கும் சித்தப்பா மகன், இந்தியாவில் தன் பெயரில் பதிந்துவிட்டால் யாரும் அசைக்க முடியாது என்கிறான். சின்னத் தம்பி, பெயரை மாற்றிவிட்டு நிம்மதியாக இருப்போம் என்கிறான். எனக்கு ராத்திரி தூக்கமே இல்லை.”

அம்மா, முதலில் அந்த 14 நாளை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். அது சட்டம் வைத்த கெடு இல்லை, எதிர்த்தரப்பு வக்கீல் வைத்த கெடு. நானும் நோட்டீஸ் எழுதுகிறவன்தான், சில சமயம் 7 நாள் போடுவேன், சில சமயம் 14, எதிராளி எவ்வளவு பயப்படுவார் என்று பார்த்துப் போடுவதுதான். நீங்கள் பயப்பட வேண்டிய கெடு வேறு, அது 60 நாள். அவருடைய மனுவை அறிவுசார் சொத்துரிமைத் துறை பரிசீலித்து, சரி என்று பட்டால் எல்லோரும் பார்க்க வெளியிடும், வெளியிட்ட தேதியிலிருந்து 60 நாளுக்குள் ஆட்சேபம் சொல்ல வேண்டும், அதைத் தவறவிட்டால் வேலை பல மடங்கு கஷ்டமாகிவிடும். அதனால் முதல் கேள்வி அவருடைய மனு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதுதான். பரிசீலனையில் இருக்கிறதா, வெளியாகிவிட்டதா, சான்றிதழே கொடுத்துவிட்டார்களா? துறையின் இணையத் தேடலில் இன்றைக்கே பாருங்கள். படம், பெயர், அவர் பெயர், அவர் மனைவி பெயர், அவர் கம்பெனி பெயர் எல்லாவற்றையும் போட்டுத் தேடுங்கள்.

என் யூகத்தைச் சொல்லவா? நோட்டீஸில் “மனுப் போட்டிருக்கிறார்” என்று இருக்கிறது, “பதிவு பெற்றிருக்கிறார்” என்று இல்லை. சான்றிதழ் கையில் இருக்கிற வக்கீல் அதன் நம்பரை முதல் வரியிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருப்பார். ஆனால் யூகத்தை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள், தேடிப் பாருங்கள்.

ஜெயில் விஷயம். 2019-ல் இயற்றிய டிரேட்மார்க் சட்டத்தில், பதிவான மார்க்கை அத்துமீறிப் பயன்படுத்தினால் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 50 லட்சம் கியாட் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று இருப்பது உண்மைதான். அந்த உரிமை பதிவிலிருந்துதான் வருகிறது. மனு மட்டும் போட்டுவிட்டு அந்தப் பிரிவைக் காட்டி மிரட்டுவது, கல்யாணப் பத்திரிகை அடிக்கும் முன்னாலேயே மாமனார் சொத்தில் பங்கு கேட்கிற மாதிரி. அவருக்குப் பதிவு கிடைத்துவிட்டதென்றால் நிலைமை வேறு, அப்போது நான் இவ்வளவு கேலியாகப் பேசமாட்டேன், அதற்குக் கீழே வருகிறேன்.

இப்போது அப்பாவின் பத்திரம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களை மாதிரி நம்மவர்கள் நிறையப் பேர் பீரோவில் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது 1937 ஏப்ரல் 1. இந்தியாவில் டிரேட்மார்க்கைப் பதிவதற்கென்று முதல் சட்டம் வந்தது 1940-ல். மூன்றே வருஷ இடைவெளியில் அந்தச் சட்டம் நமக்கு வராமல் போனது. அதற்குப் பிறகு சுதந்திரம், 1960-களில் கடைகளெல்லாம் அரசுடைமை, நம் ஜனம் மூட்டை கட்டிக்கொண்டு கப்பலேறியது என்று என்னென்னவோ நடந்தும் தனி டிரேட்மார்க் சட்டம் மட்டும் வரவில்லை. வந்து அமலான தேதி என்ன தெரியுமா, 2023 ஏப்ரல் 1. சரியாக 86 வருஷம். இது தற்செயல்தான், இருந்தாலும் எனக்கு இந்தக் கணக்கு பிடிக்கும்.

நடுவில் இருந்த அந்தக் காலம் முழுக்க என்ன செய்தோம்? வெள்ளைக்காரன் காலத்துப் பத்திரப்பதிவுச் சட்டத்தில் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, “இந்த மார்க் என்னுடையது, நான்தான் பயன்படுத்துகிறேன்” என்று ஒரு உறுதிமொழிப் பத்திரம் எழுதி, வீட்டுப் பத்திரம் பதிகிற அதே ஆபீஸில் பதிவோம். பிறகு பேப்பரில் ஒரு எச்சரிக்கை விளம்பரம், மூன்று வருஷத்துக்கு ஒரு முறை அதைத் திரும்பப் போடுவது வழக்கம். உங்கள் அப்பா 2006, 2009 என்று போட்டது அந்த வழக்கப்படிதான், ஒழுங்கான மனிதர், இதில் பாதிக்கூட யாரும் செய்யவில்லை. ஆனால் அந்தக் காலத்திலும் அந்தப் பத்திரம் உரிமையைக் கொடுக்கவில்லை. உரிமை கடையில் சரக்கு விற்றதால் பிறந்தது, பத்திரம் அதற்குச் சாட்சி சொன்னது, அவ்வளவுதான். சாட்சியே போதுமாக இருந்ததால் எல்லோரும் அதைப் பட்டா என்று நினைத்துக்கொண்டார்கள்.

புதுச் சட்டத்தில் உரிமை பிறக்கிற இடம் மாறிவிட்டது. யார் முதலில் மனுப் போடுகிறாரோ அவருக்கு முதல் இடம். பழைய பதிவு தானாகப் புதுப் பதிவாக மாறாது, திரும்பவும் மனுப் போட்டே ஆக வேண்டும். இதற்காகவே 2020 அக்டோபர் 1 முதல் 2023 மார்ச் 31 வரை, பழைய பத்திரம் உள்ளவர்களும் சந்தையில் ஏற்கெனவே மார்க்கைப் பயன்படுத்தியவர்களும் முன்கூட்டிப் போட ஒரு வாசல் திறந்து வைத்திருந்தார்கள். இரண்டரை வருஷம் என்பது சொல்வதற்கு நீண்ட காலம்தான். ஆனால் அது எந்த இரண்டரை வருஷம் என்று நமக்குத் தெரியாதா? கொரோனா, அப்புறம் 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, பேங்க் வாசலில் விடிகாலையிலிருந்து வரிசை. அப்போது மசாலாப் பாக்கெட்டின் படத்தைப் பற்றி யார் யோசித்தார்கள்? பெரிய கம்பெனிகள் யோசித்தன, அவர்களுக்கு அதற்கென்று ஆள் இருந்தது. நானே ஒப்புக்கொள்கிறேன், என் பழைய கட்சிக்காரர்கள் ஏழெட்டுப் பேருக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன். அதில் ஒருவர் இன்றைக்கும் கோயிலில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

அதனால் உங்கள் கேள்விக்குப் பதில்: அப்பாவின் பத்திரத்தை வைத்து நாளைக்கே ஒருவர் மேல் வழக்குப் போட முடியாது. ஆனால் டீலர் கெட்ட எண்ணத்தோடு மனுப் போட்டார் என்று காட்ட அதைவிட நல்ல காகிதம் கிடைக்காது, ஏனென்றால் கெட்ட எண்ணத்தோடு போட்ட மனுவைப் பதியக்கூடாது என்று புதுச் சட்டமே சொல்கிறது. 2006-ல் இந்தப் படத்தோடு இந்தப் பெயர் உங்கள் அப்பாவுடையது என்று அரசாங்க ஆபீஸின் முத்திரையோடு இருக்கிறது. டீலர் உங்களிடம் வந்து சேர்ந்ததே 2011-ல்.

இங்கேதான் உங்கள் வழக்கின் உயிர்நாடி இருக்கிறது. முதலாளியின் மார்க்கை ஏஜெண்ட் தன் பெயரில் பதிந்துகொள்வது உலகம் பூராவும் உள்ள பழைய தந்திரம். மார்க் போன்ற உரிமைகளுக்காகப் பல நாடுகள் சேர்ந்து 1883-ல் போட்ட பாரிஸ் உடன்படிக்கையில் இதற்கென்றே பின்னால் ஒரு தனிப் பிரிவைச் சேர்த்தார்கள், அந்த அளவுக்கு இந்த நோய் பரவியிருந்தது. முன்பின் தெரியாத ஒருவர் அதே பெயரைப் போட்டிருந்தால் “எனக்குத் தெரியாது” என்று சொல்ல முடியும். உங்கள் டீலர் அப்படிச் சொல்லவே முடியாது. அவர் உங்களிடம் சரக்கு எடுத்தபோது கையெழுத்துப் போட்ட ஒவ்வொரு பில்லும், “ஊஞ்சல் மசாலா 40 மூட்டை பெற்றுக்கொண்டேன்” என்ற ஒவ்வொரு சீட்டும் அவரே கொடுத்த வாக்குமூலம். உங்கள் அப்பாவின் பத்திரத்தைவிட, பேப்பர் விளம்பரத்தைவிட, அந்த எண்ணெய்க் கறை படிந்த கார்பன் காப்பிகள்தான் எனக்கு முக்கியம். இருக்கிறதா? கணக்கு முடிந்த வருஷம் என்று எடைக்குப் போட்டுவிடவில்லையே? பஸ் கம்பெனி ‘கேட்’டில் லக்கேஜ் போட்ட ரசீது, பேங்க்கில் அவர் பணம் போட்ட சீட்டு, வைபரில் “அண்ணே, சரக்கு முடிந்துவிட்டது, அடுத்த லோடு அனுப்புங்கள்” என்று அவர் அனுப்பிய மெசேஜ், தீபாவளிக்கு அவர் கடைமுன் உங்கள் பேனரோடு நின்று எடுத்த போட்டோ, எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்குங்கள். போனை மாற்றப் போவதாக இருந்தால் இப்போது மாற்றாதீர்கள்.

அவரோடு எழுத்தில் ஒப்பந்தம் ஏதாவது இருக்கிறதா என்று கடிதத்தில் இல்லை. இருக்காது என்று நினைக்கிறேன். நம்மாட்களிடம் ஒப்பந்தம் கேட்டால் “என்ன தம்பி, நம்பிக்கை இல்லையா” என்பார்கள். போகட்டும், பில் இருந்தால் சமாளிக்கலாம்.

இதோடு உணவு, மருந்துத் துறையின் (எஃப்.டி.ஏ.) சான்றிதழ், நகராட்சி லைசென்ஸ், வரி கட்டிய சீட்டு, பாக்கெட் அச்சடித்த பிரஸ்ஸின் பில் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய பாக்கெட் ஒன்றாவது வேண்டும். கடைக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள், யாங்கோன் தெய்ஞ்சீ சந்தையில் சில கடைகளில் பரணில் எதுவும் கிடைக்கும்.

அடுத்து, ஆட்சேபம் போடுவது மட்டும் போதாது. உங்கள் பெயரில் உடனே ஒரு மனுவும் போட வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அவரை விரட்டிவிட்டாலும் இடம் காலியாகத்தான் கிடக்கும், உங்களுடையதாக ஆகாது, மூன்றாவதாக ஒருவர் வந்து உட்காரலாம். மனுவில் மூன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்: படம், தமிழ்ப் பெயர், பர்மியப் பெயர். நம் வாடிக்கையாளரில் பெரும்பாலோர் பர்மியர், அவர்கள் தமிழ் எழுத்தைப் படிப்பதில்லை, படத்தைப் பார்த்து “அந்த ஊஞ்சல் தசெய் (மார்க்) கொடு” என்று கேட்பவர்கள். திருநெல்வேலியில் பெயர்ப்பலகையே இல்லாத அல்வாக் கடைக்கு வாங்க வந்த ஜனம் இருட்டுக்கடை என்று பெயர் வைத்த கதைதான். வாங்குகிறவர் வாயில் எது இருக்கிறதோ அதைக் கண்டிப்பாகப் பதிய வேண்டும், அது பர்மியச் சொல்லாக இருந்தால் பர்மியத்திலேயே.

பெயரோடு சேர்ந்த “மசாலா”, “மட்டன்”, “செட்டிநாடு” போன்ற சொற்களுக்கு யாருக்கும் ஏகபோகம் கிடையாது, அவருக்கும் கிடையாது, உங்களுக்கும் கிடையாது. சென்னை பர்மா பஜாரில் அத்தோ விற்கிறவர்கள் எல்லோரும் அத்தோ என்றுதான் எழுதுவார்கள், ஒருவர் அதைப் பதிந்துகொண்டு மற்றவரை நிறுத்த முடியுமா? அதே மாதிரி. பாக்கெட்டின் மூலையில் வேல் படம் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்களே, அதை மனுவில் சேர்க்காதீர்கள். மத நம்பிக்கை, பண்பாடு இவற்றைத் தொடுகிற எதையும் இங்கே உரசிப் பார்க்காமல் இருப்பது நல்லது, வேல் படத்தைப் பாக்கெட்டில் வைத்துக்கொள்வது வேறு, மார்க்காகக் கேட்பது வேறு.

இன்னொன்று, மனு வகுப்பு வாரியாக, அதாவது சரக்கின் வகை வாரியாகப் போடுவது. மசாலாத்தூள் 30-வது வகுப்பு, ஊறுகாய் 29-வது வகுப்பு. டீலர் மசாலா மட்டும்தான் விற்றார், அதனால் 30-ல் மட்டும் போட்டிருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் 29 திறந்து கிடக்கிறது, அதில் நாளைக்கே நீங்கள் போடலாம். இரண்டும் சமையல்கட்டுச் சாமான், ஒன்றுக்கொன்று நெருங்கியவை என்று அவர் தகராறு செய்வார், செய்யட்டும், ஒரு காலையாவது ஊன்றிக்கொண்டு பேசுவோம்.

யார் பெயரில் போடுவது? இதுதான் என்னை நோட்டீஸைவிட அதிகமாகக் கவலைப்படுத்துகிறது. பத்திரம் அப்பா பெயரில், அப்பா இல்லை, நீங்கள் மூன்று பேர், அம்மாவும் இருக்கிறார். இந்த நாட்டில் வாரிசுரிமை அவரவர் மதச் சட்டப்படி, நமக்கு இந்துச் சட்டம், வெள்ளைக்காரன் 1898-ல் எழுதி வைத்தது இன்றும் அதுதான். வீடு, நிலம் பிரிக்கும்போது நான்கு பெரியவர்களைக் கூப்பிடுகிறோம், மார்க்கைப் பிரிக்க யாரும் கூப்பிடுவதில்லை, ஆனால் உங்கள் வியாபாரத்தில் அரைக்கிற மிஷினைவிட விலை அதிகம் அந்த ஊஞ்சல் படத்துக்குத்தான். அவசரத்தில் மூத்த தம்பி பெயரில் போட்டுவிடலாம் என்று தோன்றும். போடாதீர்கள். பத்து வருஷம் கழித்து அவர் மனைவிக்கும் உங்களுக்கும் நடுவில் இதே நோட்டீஸ் ஓடும். 2017 கம்பெனிச் சட்டத்தில் ஒரு சின்னக் கம்பெனி தொடங்கி, பங்கை நீங்களே பேசிப் பிரித்துக்கொண்டு, வாரிசுகள் எல்லோரும் அப்பாவின் உரிமையைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்து, கம்பெனி பெயரில் மனுப் போடுங்கள். கம்பெனி தொடங்க நாள் ஆகும் என்றால் எல்லா வாரிசும் சேர்ந்து கூட்டாகப் போட்டுவிட்டு, பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

இதில் ஒரு குழப்பம் வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கம்பெனிப் பெயராக ‘ஊஞ்சல்’ கிடைத்துவிட்டால் மார்க்கும் கிடைத்துவிட்டது என்று நினைப்பார்கள். இல்லை. அது வேறு ஆபீஸ், வேறு ரிஜிஸ்டர். ஃபேஸ்புக் பக்கத்தின் பெயரும் அப்படித்தான், 30 ஆயிரம் பேர் பின்தொடர்ந்தாலும் அது உரிமைப் பத்திரம் ஆகாது. ஆனால் பழைய போஸ்டுகள் தேதியோடு இருப்பதால் நல்ல சாட்சி, அழிக்காதீர்கள். உங்கள் படத்தைப் போட்டு யாராவது போலிப் பக்கம் தொடங்கினால் எடுக்கச் சொல்லிப் புகார் கொடுக்கும்போதும் அவர்கள் முதலில் கேட்பது பதிவு நம்பரைத்தான்.

அந்தப் படத்தை வரைந்தது யார்? கடிதத்தில் போகிற போக்கில் “அப்பாவின் சிநேகிதர், போர்டு எழுதுகிற பெயிண்டர், இப்போது இல்லை” என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். என் கண் அந்த வரியில்தான் நின்றது. படத்துக்குக் காப்புரிமை (காப்பிரைட்) தனி, அதற்குப் பதிவு கட்டாயமில்லை, வரைந்தவர் வாழ்நாளும் அதற்குப் பிறகு 50 ஆண்டும் இருக்கும். 1914-லிருந்து இருந்த பழைய காப்புரிமைச் சட்டத்தின் இடத்தில் 2019-ல் இயற்றிய புதுச் சட்டம் 2023 அக்டோபர் 31 முதல் அமலில் இருக்கிறது. டீலர் மனுவில் உங்கள் படத்தையே அப்படியே ஒட்டியிருந்தால் அது அவர் வரைந்தது இல்லை என்பதே அவருக்கு ஒரு குழி. ஆனால் உங்களுடையது என்று எப்படிச் சொல்வீர்கள்? அந்தப் பெயிண்டருக்கு அப்பா 1991-ல் ஏதோ பணம் கொடுத்திருப்பார், அல்லது ஒரு பாட்டில் வாங்கிக் கொடுத்திருப்பார், எழுத்தில் ஒன்றும் இருக்காது. பணம் கொடுத்து வரையச் சொன்னவருக்கே படம் சொந்தம் என்று எல்லோரும் நினைப்பதுதான் இந்தத் தொழிலில் அதிகம் பேர் விழுகிற பள்ளம், லோகோ வரைய ஃபேஸ்புக்கில் ஆள் பிடிக்கிற பிள்ளைகள் உட்பட. பெயிண்டரின் பிள்ளைகளைக் கண்டுபிடியுங்கள். உரிமையை எழுதி வாங்குங்கள், சும்மா வாங்காதீர்கள், ஒரு தொகை கொடுத்து ரசீதோடு வாங்குங்கள். டீலர் அவர்களைக் கண்டுபிடிப்பதற்கு முன்னால் இதைச் செய்ய வேண்டும்.

சரி, யூடியூப் வக்கீல். அவர் தப்பாகச் சொல்லவில்லை, அவர் சென்னையில் இருந்துகொண்டு சொல்கிறார். இந்தியாவின் 1999 சட்டத்தில் முன்பிருந்தே பயன்படுத்தி வருகிறவரைப் பின்னால் பதிந்தவர் நிறுத்த முடியாது என்று 34-வது பிரிவில் இருக்கிறது, அதனால் அங்கே அந்தப் பேச்சு செல்லும். தமிழில் கிடைக்கிற சட்ட வீடியோ பெரும்பாலும் இந்தியச் சட்டம்தான், நம் வீட்டில் அதைப் பார்த்துவிட்டு இங்கே அதே மாதிரி நடக்கும் என்று நினைக்கிறோம். டிரேட்மார்க் நாட்டுக்கு நாடு தனி. இங்கே போட்ட பதிவு மோரேயில் செல்லாது, அங்கே போட்டது எதிரே இருக்கும் நம் தமூவில்கூடச் செல்லாது, எல்லைக் கேட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு உரிமை, அந்தப் பக்கம் வேறு.

மோரேத் தம்பியின் யோசனையில் பாதி நல்லது. இந்தியாவுக்குச் சரக்கு அனுப்புகிற எண்ணம் நிஜமாக இருந்தால் அங்கேயும் பதியத்தான் வேண்டும், தனி ஆளுக்கும் சிறு தொழிலுக்கும் இணையத்தில் போட்டால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய்தான் அரசாங்கக் கட்டணம். பல நாட்டுக்கு ஒரே மனுப் போடுகிற மாட்ரிட் முறையில் இந்தியா 2013-லேயே சேர்ந்துவிட்டது, நாம் சேரவில்லை, அதனால் இங்கிருந்து ஒரே மனுவில் இரண்டு நாட்டையும் பிடிக்க முடியாது, தனித்தனியாகத்தான் போட வேண்டும். ஆனால் “தன் பெயரில்” என்கிறான் பாருங்கள், அந்த மீதிப் பாதிதான் வேண்டாம். மாண்டலே டீலர் செய்ததும் இதேதான், அவர் கேட்காமல் செய்தார், இவன் கேட்டுவிட்டுச் செய்கிறான். ரத்த சம்பந்தம் பார்த்துக் கோபப்படாமல், “பதிவு எங்கள் கம்பெனி பெயரில், நீ எங்களுக்கு அங்கே விலாசம் கொடு, விற்பனைக்கு எழுத்தில் ஒப்பந்தம் போட்டுக்கொள்வோம்” என்று சொல்லிப் பாருங்கள். அதற்கு அவன் முகம் எப்படிப் போகிறது என்பதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

டீலருக்குப் பதிவே கிடைத்துவிட்டிருந்தால்? அப்போது ஆட்சேபம் இல்லை, பதிவை ரத்து செய்யக் கேட்க வேண்டும், இதே கெட்ட எண்ணம், இதே பில்கள், ஆனால் காலமும் செலவும் கூடும். அந்த நடுவில் பழைய பாக்கெட்டிலேயே தொடர்ந்து விற்பது ஆபத்து, அந்த மூன்று வருஷப் பேச்சு அப்போது வெறும் மிரட்டல் இல்லை. அப்படி ஒரு நிலை வந்தால் விற்பனையை நிறுத்தச் சொல்லமாட்டேன், படத்தையும் பெயரையும் தற்காலிகமாக மாற்றி, அப்பாவின் போட்டோவோடு வேறு பாக்கெட் இறக்கச் சொல்வேன். அதனால் அந்த வேறு பாக்கெட்டின் டிசைனை இப்போதே யோசித்து வைப்பது நல்லது. அதற்கும் மனுப் போட்டு வையுங்கள். அவர் மூன்று வருஷம் தொடர்ந்து அந்த மார்க்கில் எதுவுமே விற்காமல் இருந்தால் அதைச் சொல்லியும் ரத்து கேட்கலாம், ஆனால் உங்கள் டீலர் விற்கிற ஆள், அதை நம்பாதீர்கள்.

பெயரை மாற்றிவிட்டு நிம்மதியாக இருப்போம் என்கிற சின்னத் தம்பிக்கு. தம்பி, உங்கள் அலுப்பு புரிகிறது. ஆனால் நீங்கள் விட்டுவிட்ட நாளிலிருந்து அந்த ஊஞ்சல் சும்மா நிற்காது, வேறு மசாலாவைச் சுமந்துகொண்டு நீங்கள் 30 வருஷம் சரக்குப் போட்ட அதே கடைகளுக்குப் போகும். வாங்குகிற பர்மியப் பெண்மணிக்கு நீங்களும் தெரியாது, டீலரும் தெரியாது, படத்தைத்தான் தெரியும். உங்கள் புதுப் பாக்கெட்டை “இது டூப்ளிகேட்டா?” என்று கேட்பாள். ஆட்சேபம் வரை போய்ப் பார்த்துத் தோற்றால் அப்போது மாற்றலாம், அதற்கு முன்னால் வேண்டாம். பேசித் தீர்ப்பதென்றால் அதற்கும் நான் எதிரி இல்லை. அவருக்குக் கணக்கில் கொடுக்க வேண்டிய பாக்கி ஏதாவது நிஜமாக இருக்கிறதா? இருந்தால் அதைத் தீர்த்து, மனுவை அவர் உங்கள் கம்பெனி பெயருக்கு மாற்றிக் கொடுப்பதாக முடிக்கலாம், பல தகராறு இப்படித்தான் முடிகிறது. ஆனால் உங்கள் ஆட்சேபமும் உங்கள் மனுவும் பதிவான பிறகு பேசப் போங்கள், வெறுங்கையோடு போகாதீர்கள்.

அதுவரை அவருக்கு வைபரில் திட்டி எதுவும் அனுப்பாதீர்கள். அவர் வக்கீல் நீட்டுகிற எந்த உறுதிமொழியிலும் கையெழுத்துப் போடாதீர்கள், “இனி பயன்படுத்தமாட்டோம்” என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும், அப்பாவின் பத்திரம் உட்பட எல்லாமே வீண். நோட்டீஸுக்குப் பதில் ஒரு பத்தி போதும்: இந்த மார்க் 1991 முதல் எங்களுடையது, உங்கள் கட்சிக்காரர் எங்கள் சரக்கை வாங்கி விற்றவர், உரிய இடத்தில் ஆட்சேபம் தெரிவிக்கிறோம். கையில் இருக்கும் பில்களின் பட்டியலை அதில் கொடுத்துவிடாதீர்கள்.

நோட்டீஸ் வந்த கவரைக் கிழித்துப் போட்டுவிட்டீர்களா? தபால் முத்திரையோடு இருந்தால் பத்திரமாக எடுத்து வையுங்கள். தேடிப் பார்த்ததும் வெளியீட்டுத் தேதி கிடைத்தால், அன்றிலிருந்து 60 நாள் எண்ணி, முடிகிற தேதியை காலண்டரில் வட்டமிட்டுப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். பெயிண்டரின் பிள்ளைகள் இப்போது எந்த ஊரில் இருக்கிறார்கள் என்பதையும் விசாரித்து எழுதுங்கள்.